யாருக்கு என்ன ஆச்சு டீச்சர்?

அன்புள்ள அக்கா,

வணக்கம். எனக்குச் சொந்த ஊர் முக்கூடல். கல்யாணமாகித் தாம்பரம் வந்து பதினாறு வருஷம் ஆகிறது. ஊர் ஞாபகம் வரும்போதெல்லாம் உங்கள் கட்டுரைகளைத்தான் எடுத்துப் படிப்பேன். இரண்டு மாதத்துக்கு மேலாக நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்று கடைசியாக எழுதியிருந்தீர்கள். எப்படி இருக்கிறார்கள்? மொட்டைமாடி ஒழுகல் சரியாயிற்றா?

நடுநடுவே "காலையில் ஓடிவிட்டு வந்தேன்" என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போய்விடுகிறீர்கள். ஏன் ஓடுகிறீர்கள் என்று சொன்னதே இல்லை. எனக்கு வயது 41. போன மாதம் சுகர் எட்டிப் பார்த்திருக்கிறது. டாக்டர் நடக்கச் சொன்னார். நடப்பது எனக்குச் சலிப்பாக இருக்கிறது, ஓடிப் பார்க்கலாமா என்று ஒரு ஆசை. "ஓடினா முட்டி போயிரும், இந்த வயசுல எதுக்கு" என்கிறார் என் வீட்டுக்காரர். உங்களுக்கு அதில் என்ன கிடைக்கிறது? உடம்புக்கா, மனசுக்கா, எழுத்துக்கா? என் பெயரைப் போட வேண்டாம்.

அன்புடன்,
ம.

*

அன்புள்ள ம.,

முதலில் வீட்டுப்பாடு. அம்மா நன்றாக இருக்கிறாள். இடது கண் வைகாசியில் முடிந்தது, வலது கண்ணை ஐப்பசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். புரை பழுத்து மஞ்சளாகி, இத்தனை வருஷமாக உலகத்தை வெந்தயத் தண்ணீர் வழியாகத்தான் அவளுக்குக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறது. அதை எடுத்துப் புது லென்ஸ் வைத்ததும் எல்லாம் பளிச்சென்று தெரிகிறது. கட்டுப் பிரித்த அன்று என் முகத்தையே இரண்டு நிமிஷம் பார்த்தாள். "ஏட்டி, என்ன இம்புட்டுக் கறுத்துப் போயிருக்க? ஓடாத ஓடாதன்னு சொன்னா கேட்டியா?" என்றாள். அப்புறம் ஃபேன் இறக்கையைப் பார்த்தாள். அன்றிலிருந்து இந்த வீட்டில் ஒட்டடைக்கும் எனக்கும் நிம்மதி கிடையாது.

மொட்டைமாடி ஒழுகல் அப்படியேதான் இருக்கிறது. கொத்தனார் வருவதாகச் சொன்ன தேதிகளை காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன், பார்க்கக் கோலம் மாதிரி அழகாக இருக்கிறது. பையன் கோயம்புத்தூரில் இரண்டாம் வருஷம். போன் பண்ணினால் "சாப்பிட்டேன்மா" என்று கேள்விக்கு முன்னாலேயே பதில் சொல்கிறான். வீடு இவ்வளவுதான்.

இப்போது ஓட்டம். வீரவநல்லூர்ப் பக்கம் நாற்பது வயதுக்கு மேலான ஒரு பெண் தெருவில் ஓடினால் அதற்கு மூன்று காரணம்தான் இருக்க முடியும். சேரன்மகாதேவி பஸ் கிளம்பிவிட்டது. அல்லது யாரோ செத்துப்போய்விட்டார்கள். அல்லது மாடியில் ஏதோ காய்கிறது, மழை வருகிறது. முக்கூடலிலும் வேறு மாதிரி இருக்காது என்று நினைக்கிறேன். நான் ஓட ஆரம்பித்த முதல் வாரம், காலை ஐந்தரை மணிக்கு பீடிச் சொளவோடு திண்ணையில் உட்கார்ந்திருந்த எதிர்வீட்டு மதினி பதறிப்போய் எழுந்து, "யாருக்கு என்ன ஆச்சு டீச்சர்?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை, சும்மா ஓடுகிறேன் என்றேன். அவள் நம்பவில்லை. கொஞ்ச தூரம் பின்னாலேயே வந்தாள். யாரோ இறந்துபோன செய்தியை நான் பக்குவமாகச் சொல்லப் பார்க்கிறேன் என்று நினைத்திருக்கிறாள்.

உங்கள் கேள்விக்கு என்னிடம் இருக்கிற நேர்மையான பதில் அந்த "சும்மா"தான். கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன்.

2021 மே மாதம், ஊரடங்கு. பள்ளிக்கூடம் மூடி, செல்போனில் பாடம் நடத்தி, உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு மரத்துப்போன காலம். சாயங்காலம் வீட்டுக்குப் பின்னால் கன்னடியன் கால்வாய்க் கரையில் ஒரு நடை போய்வருவேன். அன்றைக்கு மாடியில் ரேஷன் அரிசிக் கூழ்வற்றல் பிழிந்து காயப்போட்டிருந்தோம், பழைய வேட்டி இரண்டு நிறைய. நான் ஒரு கிலோமீட்டர் போயிருப்பேன், மேற்கே மலைமேல் கறுத்துக்கொண்டு வந்தது. அம்மாவால் மாடிப்படி ஏற முடியாது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினேன். கடைசியாக அப்படி எப்போது ஓடினேன் என்று யோசித்தால், பையனுக்கு மூன்று வயதில் காய்ச்சலில் வெட்டு வந்தபோது. அதற்கு முன்னால் ட்ரெயினிங் காலேஜ் பஸ்ஸுக்கு. என் ஓட்டங்களுக்கெல்லாம் ஒரு பயம் காரணமாக இருந்திருக்கிறது.

வற்றலை அள்ளி உள்ளே போட்டதும் மழை கொட்டியது. மாடிப்படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினேன். நெஞ்சு அடித்துக்கொண்டது, பாதம் எரிந்தது, ஒரே சிரிப்பாக வந்தது. வற்றல் காப்பாற்றப்பட்டதற்கான சிரிப்பு இல்லை அது. மறுநாள் மாடியில் ஒன்றும் காயவில்லை. வானமும் வெளுத்துத்தான் இருந்தது. ஆனாலும் அதே இடம் வரைக்கும் போய் அங்கிருந்து ஓடி வந்தேன். அன்று ஆரம்பித்ததுதான்.

ஆக, எதையும் பிடிக்கப் போகாமல், எதற்கும் பயந்து போகாமல் ஓடுகிற ஓட்டம் எனக்கு 43 வயதில்தான் கிடைத்தது. அதுதான் பிடித்திருக்கிறது. உடம்பு, மனசு, எழுத்து என்று நீங்கள் கொடுத்த மூன்றில் எதை எழுதினாலும் மறுபடி ஒரு பஸ்ஸைப் பிடிக்கப் போகிற மாதிரி ஆகிவிடும். காலையில் எழுந்ததிலிருந்து நான் செய்கிற ஒவ்வொன்றுக்கும் ஒரு "எதுக்கு" இருக்கிறது. இட்லி அவிப்பது, விடைத்தாள் திருத்துவது, கொத்தனாருக்குப் போன் போடுவது, ஏன், எழுதுவதற்கும்தான். அந்த ஐம்பது நிமிஷத்துக்கு இல்லை.

போகிற வழியைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. ஊரைவிட்டுப் போனவர் என்பதால் உங்களுக்கு இது வேண்டியிருக்கும். கன்னடியன் கால்வாய் தாமிரபரணியில் கல்லிடைக்குறிச்சிக்குப் பக்கத்தில் பிரிந்து எங்கள் பக்கமாகக் கிழக்கே வருகிறது. அதை வெட்டிய கதை எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் தெரியும். கன்னட தேசத்துக்காரர் ஒருவர் தனக்கு வந்த செல்வத்தை வைத்து ஒரு நல்ல காரியம் பண்ண வேண்டும் என்று அகத்தியரிடம் யோசனை கேட்டாராம். ஒரு பசுவின் பின்னால் போ, அது நடக்கிற வழியெல்லாம் கால்வாய் வெட்டு, கோமியம் விடுகிற இடத்தில் மடை வை, படுக்கிற இடத்தில் குளம் வெட்டு என்றாராம் முனிவர். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. ஆனால் அந்தக் கரையில் ஓடிப் பார்த்தால் மாடு போன தடம் என்றுதான் தோன்றும். மேட்டைக் கண்டால் வளைந்து, மட்டம் பார்த்துத் தயங்கித் திரும்பி, பிறகு நினைத்துக்கொண்டாற்போல நேராகப் போகும். தண்ணீருக்கு மட்டம் பார்க்கத்தான் அந்த வளைவு என்று பொதுப்பணித்துறைக்காரர்கள் சொல்வார்கள். மாடும் மேட்டில் ஏற அலுத்துக்கொள்ளும்தானே. பையன் வாங்கிக் கொடுத்த ஜி.பி.எஸ். வாட்ச்சில் என் ஓட்டத்தின் படத்தைப் பார்த்தால் யாரோ தூக்கக் கலக்கத்தில் கிறுக்கிய கோடு போல இருக்கிறது.

மேற்கே போகும்போது பொதிகை மலை நேர் எதிரே. முதுகுப் பக்கம் வெயில் விழ, என் நிழல் எனக்கு முன்னால் நீளமாக, ஒல்லியாக, என்னைவிட நன்றாக ஓடும். இப்போது ஆடிக் காற்று வேறு. போகும்போது நெஞ்சில் கை வைத்துத் தள்ளுகிறது, சாரல் இரண்டு சொட்டு மூஞ்சியில் விழுகிறது. திரும்பும்போது அதே காற்று முதுகைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு வந்து வீட்டில் விடுகிறது. இந்த வருஷம் கால்வாயில் தண்ணீர் வந்து கார் நெல் நட்டிருக்கிறார்கள். நாற்று பச்சை பிடித்து நிற்கிறது. சித்திரையில் இதே கால்வாய் வறண்டு, உள்ளே பையன்கள் ஸ்டம்ப் ஊன்றி கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். 2023 டிசம்பர் 17, 18 மழைக்குப் பிறகு கரையில் பல இடம் அரித்துப்போய்க் கிடந்தது. ஆறு கொண்டுவந்து போட்ட சேலைகளும் வைக்கோலும் கருவேல மரத்தில் என் தலைக்கு மேலே தொங்கின. பொங்கல் முடிந்துதான் மறுபடி அந்தப் பக்கம் ஓடினேன். ஒரு இடத்தை இப்படித் தினம் ஒரே நேரத்தில் பார்த்தால், அது நமக்கு வீட்டு ஆள் மாதிரி ஆகிவிடுகிறது. தலைவாரியிருக்கிறதா, சாப்பிட்டதா என்று தெரிகிறது.

துணைக்கு ஆள் உண்டு. போலீஸ் செலக்‌ஷனுக்குத் தயாராகும் பையன்கள் ஐந்தாறு பேர். ஆண்களுக்கு 1500 மீட்டரை ஏழு நிமிஷத்தில் ஓட வேண்டும். எனக்கு அந்தத் தூரத்துக்குப் பன்னிரண்டு நிமிஷம் ஆகும். ஒருமுறை தாண்டிப்போய், திரும்பி வரும்போதும் தாண்டுவார்கள். அதில் ஒருவன் என் பழைய மாணவன். கடைசி பெஞ்ச். அளவியல் கணக்கு ஒன்றுகூட ஒழுங்காகப் போட்டதில்லை. ஒருநாள் என் பக்கத்தில் வேகத்தைக் குறைத்து, "டீச்சர், கைய இறுக்காதிய. உள்ளங்கையில அப்பளம் வச்சிருக்கிற மாதிரி நெனச்சுக்கோங்க, நொறுங்கக் கூடாது" என்றான். செய்து பார்த்தேன். தோள்பட்டை இறங்கி, மூச்சு இலகுவாக வந்தது. கல்லிடைக்குறிச்சியில் பெண் எடுத்த வீட்டுப் பிள்ளை, அப்பளத்தைத்தானே உதாரணம் சொல்வான். வட்டத்தின் பரப்பளவுக்கு எனக்கு இப்படி ஒரு உதாரணம் அன்றைக்குத் தோன்றவில்லையே என்று இருந்தது.

அம்மாவின் ஆட்சேபணை கறுப்பது மட்டும் இல்லை. "பொம்பளைக்குக் கர்ப்பப்பை எறங்கிரும்" என்பாள். முதலில் எரிச்சலாக இருந்தது. அப்புறம் படித்துப் பார்த்தால், கோட்டு சூட்டு போட்ட ஆண்கள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ரொம்ப காலம் இதையேதான் சொல்லியிருக்கிறார்கள். 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் முதன்முதலாகப் பெண்களுக்கு 800 மீட்டர் வைத்தார்கள். ஓடி முடித்துப் பெண்கள் களைத்ததைப் பெரிய விபரீதமாக எழுதி, அதை எடுத்தேவிட்டார்கள். மறுபடி வந்தது 1960-ல், ரோமில். ஓடி முடித்துக் களைக்காமல் இருக்க அவர்கள் என்ன கட்டை வண்டியா? 1967-ல் பாஸ்டன் மாரத்தானில் காத்ரின் ஸ்விட்சர் என்ற இருபது வயதுப் பெண் 261-ம் எண்ணை மாட்டிக்கொண்டு ஓடியபோது, பந்தய அதிகாரி ஒருவர் பாய்ந்துவந்து அந்த எண்ணைப் பிய்த்தெறியப் பார்த்தார். அவள் ஓடி முடித்தாள். அந்தப் பந்தயத்தில் பெண்களை முறைப்படி சேர்த்துக்கொண்டது 1972-ல். ஒலிம்பிக்கில் பெண்களுக்கு மாரத்தான் வந்தது 1984 லாஸ் ஏஞ்சலிஸில்தான். 42.195 கிலோமீட்டரை ஜோன் பெனாய்ட் 2 மணி 24 நிமிஷம் 52 விநாடியில் ஓடினார். யாருக்கும் எதுவும் இறங்கவில்லை.

அதே ஒலிம்பிக்கில்தான் நம் பக்கத்து மாநிலத்துப் பி.டி. உஷா 400 மீட்டர் தடை ஓட்டத்தில் நூறில் ஒரு பங்கு விநாடியில் வெண்கலத்தைத் தவறவிட்டார். எனக்கு அப்போது ஆறு வயது. அப்பா பேப்பரைப் படித்துவிட்டு விரலைச் சொடுக்கிக் காட்டி, "இதுல பாதி நேரம்கூட இல்லட்டி" என்று சொன்னது ஞாபகம் இருக்கிறது. அந்த வருஷம் தெருவில் பெண்பிள்ளைகள் எல்லோரும் உஷாதான். வயசுக்கு வந்ததும் நிறுத்திவிட்டோம். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பாவாடை தாவணியில் தானாகவே நின்றுவிட்டது.

உங்கள் வீட்டுக்காரர் சொன்ன முட்டி விஷயம். 2017-ல் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வில், பொழுதுபோக்காக ஓடுகிறவர்களில் 3.5 சதவீதம் பேருக்குத்தான் முட்டியிலோ இடுப்பிலோ தேய்மானம் இருந்தது. ஓடாமல் உட்கார்ந்திருப்பவர்களில் 10 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே. பந்தயத்துக்காகவே ஓடுகிறவர்களுக்கு 13-க்கும் மேலே. நல்ல முட்டி உள்ளவர்கள்தானே ஓடுகிறார்கள், அதனால் அப்படி வருகிறது என்று அவர் எதிர்க்கேள்வி கேட்டால், அது நியாயமான கேள்விதான், ஒத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஓடினால் முட்டி போயே தீரும் என்பதற்கு அதில் இடம் இல்லை.

எனக்குப் போனது முட்டி இல்லை, குதிகால். இரண்டு மாதம் எழுதாமல் போனதன் கதையும் இதுதான். கோடை விடுமுறையில், திருநெல்வேலியில் ஒரு பத்து கிலோமீட்டர் பந்தயம் என்று யாரோ சொல்ல, புத்தி கெட்டுப்போய் ஆறு கிலோமீட்டரை இரண்டே வாரத்தில் பத்தாக்கினேன். சும்மா ஓடியவள் எதற்காகவோ ஓட ஆரம்பித்ததும் கால் பழிவாங்கிவிட்டது. காலையில் கட்டிலிலிருந்து இறங்கி முதல் அடி வைத்தால் குதிகாலில் ஆணி அடித்தாற்போல வலி. பத்து அடி நடந்தால் குறையும். உள்ளங்காலில் குதிகாலிலிருந்து விரல்வரை ஓடுகிற தடித்த நார் ஒன்று இருக்கிறது, அது ராத்திரி சுருங்கி இறுகிவிடுகிறது, காலையில் முதல் அடியில் இழுபடுகிறது, அதனால்தான். முதலில் பார்த்த டாக்டர் என் காலைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "இந்த வயசுல எதுக்கும்மா ஓட்டம்? பேசாம வீட்ல இருங்க" என்று ஒரு வலி மாத்திரை எழுதிக் கொடுத்தார். அடுத்துப் பார்த்த பிசியோதெரபிஸ்ட் சின்னப் பெண். படிக்கட்டு விளிம்பில் முன்பாதத்தை வைத்து, குதிகாலை மெதுவாக இறக்கி ஏற்றச் சொன்னாள். தண்ணீர் பாட்டிலை ஃப்ரீசரில் வைத்து உறைந்ததும் உள்ளங்காலுக்கடியில் போட்டு உருட்டச் சொன்னாள். அம்மாவுக்குத்தான் இப்போது கண் நன்றாகத் தெரிகிறதே. "கால்ல போட்டு உருட்டுனதக் கொண்டு பால் பாக்கெட் பக்கத்துல வைக்கியே, கோட்டியா புடிச்சிருக்கு ஒனக்கு?" என்று பாட்டிலை எடுத்து வெளியே வைத்துவிடுவாள். இரண்டரை மாதம் இந்த ஐஸ் பாட்டில் யுத்தம் நடந்தது. அந்த நாட்களில் கால்வாய்க் கரையில் மெதுவாக நடந்துதான் போனேன். மதினி சொளவை மடியிலிருந்து இறக்கிவைத்துவிட்டு எழுந்து வந்தாள். "என்ன டீச்சர், நடந்து போறிய? யாருக்கு என்ன ஆச்சு?"

எழுத்துக்கும் ஓட்டத்துக்கும் சம்பந்தம் இல்லை என்று நான் நாலு வருஷமாக எல்லோரிடமும் சொல்லி வருகிறேன். ஓடும்போது எனக்குக் கதையெல்லாம் தோன்றுவதில்லை, மிஞ்சிப்போனால் இன்றைக்குச் சொதி வைக்கத் தேங்காய் இருக்கிறதா என்பது தோன்றும். ஆனால் ஓடாத அந்த இரண்டரை மாதத்தில் நான் ஒரு பக்கம்கூட எழுதவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அம்மாவின் கண் ஒரு காரணம், பரீட்சை மதிப்பெண் வேலை ஒரு காரணம் என்று வைத்துக்கொள்ளலாம். ஓட ஆரம்பித்து மூன்று வாரம் ஆகிறது. இந்தப் பதில் எழுதுகிறேன். நீங்களே முடிவு பண்ணிக்கொள்ளுங்கள், எனக்கு இதில் துருவிப் பார்க்க இஷ்டமில்லை.

ஓடலாமா என்று கேட்டீர்கள். சுகருக்கு மாத்திரை போடுகிறீர்கள் என்றால் முதலில் உங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். சில மாத்திரைகளோடு ஓடினால் சர்க்கரை சட்டென்று இறங்கும். பையில் இரண்டு தேன்மிட்டாய் இருக்கட்டும். தசை வேலை செய்யும்போது இரத்தத்திலிருக்கிற சர்க்கரையைத் தானாகவே இழுத்துக்கொள்ளும் என்பதால் நடந்தாலும் லாபம்தான், ஓட்டத்துக்காக நடையை இளப்பமாக நினைக்க வேண்டாம். ஒரு நிமிஷம் ஓட்டம், இரண்டு நிமிஷம் நடை. முதல் மாதம் அதற்கு மேல் வேண்டாம். பக்கத்தில் வருகிற ஆளிடம் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிற வேகம் போதும். பேச முடியவில்லை என்றால் வேகம் அதிகம். பாட முடிகிறது என்றால் கொஞ்சம் கூட்டலாம். நாய் துரத்தினால் ஓடாதீர்கள், நின்று, கல் எடுக்கிற மாதிரி குனியுங்கள். தாம்பரத்து நாய்களுக்கும் அந்த பாஷை தெரிந்திருக்கும்.

ஷூவில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். சாயங்காலம் போய் வாங்குங்கள், அப்போதுதான் பாதம் விரிந்து அதன் முழு அளவில் இருக்கும். பெருவிரலுக்கு முன்னால் ஒரு விரற்கடை இடம் விட்டு எடுங்கள். போட்டு, கடைக்குள்ளேயே நாலு தடவை ஓடிப் பாருங்கள். யார் பார்த்தாலும் சரி. பாளையங்கோட்டையில் நான் முதல் ஷூ வாங்கப் போனபோது, கடைப் பையன் என்னையும் என் சேலையையும் பார்த்துவிட்டு, "பாப்பாவுக்கா மேடம்?" என்று கேட்டான். எனக்குப் பாப்பாவே கிடையாது, ஒரே பையன்தான். ஆனாலும் வெட்கத்தில் "ஆமா" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு போட்டுப் பார்க்க முடியுமா? ரோஸ் கலரில், ஒரு சைஸ் குறைவாக வாங்கி வந்து, மூன்று வாரத்தில் பெருவிரல் நகம் கறுத்து விழுந்தது.

அன்புடன்,
அக்கா